தொண்டைக்குக் காற்றால் ஒரு முட்டு

சித்திரை, வைகாசி வந்தால் திருநெல்வேலிப் பேட்டைத் தெருக்களில் பாதிக் குடும்பங்கள் மொட்டைமாடிக்குப் போய்விடும். பாய், தலையணை, ஒரு சொம்புத் தண்ணீர் என்று ஏறிப் படுத்தால், எந்த வீட்டில் யார் குறட்டை விடுகிறார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். "கொடுத்து வச்ச மனுஷன், படுத்ததும் தூங்கிருதாரு" என்று பக்கத்து மாடியில் பேச்சு நடக்கும். அந்தக் குறட்டையைக் கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டால் வேறொன்று பிடிபடும். ஏறிக்கொண்டே போகிற சத்தம் சட்டென்று அறுந்துவிடும். பத்து வினாடி, இருபது வினாடி, சிலருக்கு அரை நிமிடம்கூட ஒன்றும் கேட்காது. அப்புறம் ஒரு திணறல், ஒரு செருமல், மறுபடி குறட்டை.

டாக்டர் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த இடைவெளியைப் பற்றித்தான். தூங்குகிறவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். "அவியளுக்கு மூச்சு நின்னுபோவுது டாக்டர், நாந்தான் உலுப்பி விடுதேன்" என்று மனைவி சொல்லும் ஒரு வாக்கியத்தில் பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. ஆனால் நம் ஊரில் ஆண்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போகிறார்கள். போய், பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

ஸ்லீப் அப்னியா என்ற இந்தத் தொல்லை நடக்கும் இடம் தொண்டை. அதற்குக் கீழே மூச்சுக்குழாயில் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. அது எளிதில் நசுங்காது. மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையுள்ள பகுதிக்கு அப்படி ஒரு காப்பு இல்லை. விழுங்கவும் பேசவும் அது வளைந்து கொடுக்க வேண்டும் என்பதால் சுற்றிலும் தசையாகவே அமைந்திருக்கிறது. விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைத்திருக்கும். தூக்கத்தில் தளரும். நாக்கு பின்னால் சரியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது உண்டாகும் உறிஞ்சலில் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாதி ஒட்டினால் குறட்டை, முழுக்க ஒட்டினால் மௌனம்.

நெஞ்சு மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், கரியமில வாயு ஏறும். மூளை அபாயத்தை உணர்ந்து ஆளை ஒரு கணம் எழுப்பும். தசை விறைக்க, வழி திறக்க, மூச்சு வர, மறுபடி தூக்கம். எழுந்ததே காலையில் நினைவிருக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் எகிறி இறங்கியிருக்கும். எட்டு மணி நேரம் படுத்தும் தீராத அசதி, காலைத் தலைவலி, ராத்திரி இரண்டு மூன்று தடவை மூத்திரத்துக்கு எழுவது, மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர் எல்லாம் இதிலிருந்து வரலாம். ராத்திரி மூத்திரத்தைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

கணக்கு இப்படி. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு தடை. மூச்சு பெரிதும் குறைந்து அதோடு ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ அதுவும் கணக்கில் சேரும். ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனை என்பதுதான் ஏ.எச்.ஐ. என்ற எண். 5-க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. 40 என்று வந்தால், ஏழு மணி நேரத் தூக்கத்தில் 280 தடவை. ஒவ்வொன்றும் இருபது வினாடி என்று வைத்தாலும் ஒன்றரை மணி நேரம் அந்த மனிதர் சரியாக மூச்சு விடாமல் கிடந்திருக்கிறார்.

மும்பையில் 35 முதல் 65 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், 7.5 சதவீதம் பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய அப்னியா இருந்தது. தூக்கக் கலக்கம் தெரியாமல் தடைகள் மட்டும் உள்ளவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். உலகம் முழுக்க 30 முதல் 69 வயதுக்குள் 93.6 கோடிப் பேருக்கு லேசான அளவிலாவது இது இருக்கலாம் என்று 2019-ல் மதிப்பிட்டார்கள்.

இவ்வளவு பரவலான ஒன்றை மருத்துவம் கண்டுகொண்டது மிகத் தாமதமாக. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கிய அதே 1965-ல்தான் பிரான்சின் மார்செய்யில் காஸ்தோ குழுவினரும் ஜெர்மனியில் யூங், கூலோ இருவரும் தூங்குகிறவர்களின் மூச்சைப் பதிவு செய்து இந்தத் தடைகளைக் காட்டினார்கள். நோய் தெரிந்ததே தவிர மருந்து இல்லை. கழுத்தில் துளை போட்டு, அடைக்கிற இடத்துக்குக் கீழே காற்றை விடுவதுதான் அன்றைய ஒரே வழி. 1969-ல் கூலோ அதைச் செய்து பார்த்தார். அது பலித்தது. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் ஓட்டையோடு யார் இருப்பார்?

1980 ஜூனில் சிட்னியில், கடுமையான அப்னியாவோடு வந்த ஒரு கட்டுமானத் தொழிலாளியிடமும் இதையேதான் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். காலின் சல்லிவன் என்ற டாக்டரிடம் ஒரு யோசனை இருந்தது. அதற்குமுன் கனடாவில் நாய்களின் தூக்கத்தில் மூச்சு ஆய்வு செய்தபோது அவற்றின் மூஞ்சிக்கு முகமூடி செய்து பழகியவர் அவர். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் காற்றை வெளியே தள்ளும்படி மாற்றி, குழாய் இணைத்து, மூக்கின் மேல் ஒரு மூடியைப் பசை போட்டு ஒட்டி, அந்தத் தொழிலாளியைத் தூங்கவைத்தார். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஒரு அளவுக்கு வந்ததும் தடை மொத்தமாக நின்றது. அழுத்தத்தை இறக்கினால் தடை திரும்பியது, ஏற்றினால் போனது. ஆள் விடியும்வரை தூங்கினார்.

ஐந்து நோயாளிகளின் கதையாக இது 1981-ல் லான்செட் இதழில் வந்தது. ஐந்து பேருக்கும் தேவைப்பட்டது 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் மட்டுமே. பத்து சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரின் அடியில் இருக்கிற அழுத்தம் அது. நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அந்தக் காற்று மூச்சை நமக்காக விடுவதில்லை. குலை தள்ளிய வாழை சாயாமல் இருக்கச் சேரன்மகாதேவிப் பக்கம் கம்பு நட்டு முட்டுக்கொடுக்கிறார்களே, அந்த வேலையைத் தொண்டைச் சுவருக்குச் செய்கிறது, அவ்வளவுதான். மூச்சு விடுவது நம் நெஞ்சேதான். இதைச் சொல்லக் காரணம், "ஆக்சிஜன் மெஷின் வைக்கிற நிலைமைக்குப் போயிட்டாரு" என்று உறவினர்கள் கலங்குவதுதான். சீபேப் என்ற இந்த இயந்திரத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் ஏதும் கிடையாது. அறைக் காற்றைத்தான் அது ஊதுகிறது.

நடுத்தர, கடுமையான அப்னியாவுக்கு 45 ஆண்டு கழித்தும் முதல் சிகிச்சை இதுதான். முகமூடி மாட்டிய முதல் இரவிலேயே ஏ.எச்.ஐ. 40-லிருந்து 5-க்குக் கீழே விழுவது சாதாரணம். மருத்துவத்தில் இப்படி ஒரே ராத்திரியில் வேலை செய்கிற வைத்தியங்கள் குறைவு. பிறகு ஏன் பலர் வீட்டில் அது துணி மூடிப் பரண்மேல் கிடக்கிறது?

மாட்டினால்தானே வேலை செய்யும். மாட்டுவதில்தான் எல்லாப் பாடும். மூக்கு அடைத்தவருக்கு மூக்கு மாஸ்க் மூச்சு முட்ட வைக்கும். வாய் திறந்து தூங்குகிறவருக்குக் காற்று வாய் வழியே ஓடி, காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும். அடர்ந்த மீசைக்காரருக்கு மாஸ்க்கின் ஓரம் படியாமல் காற்று கண்ணுக்குள் அடிக்கும். கசிவை நிறுத்தப் பட்டையை இறுக்கினால் மூக்குத் தண்டில் புண் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு இருக்கிறது. மீசைக்காரருக்கு மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சிறிய வகை மாஸ்க், வாய் திறப்பவருக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகை, அடைத்த மூக்குக்கு முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். ஆரம்பத்தில் மெல்ல ஊதி, தூங்கியபின் அழுத்தம் ஏறும் வசதி பெரும்பாலான இயந்திரங்களில் உண்டு. படுக்கும்போது முதன்முதலாக மாட்டிப் பார்ப்பதைவிட, சாயங்காலம் டி.வி. பார்க்கையில் அரை மணி நேரம் மாட்டிப் பழகுவது நல்லது. மூச்சு முட்டும் பயம் அப்போதுதான் விலகும்.

ஈரப்பதத்துக்கென ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி அதில் இருக்கும். தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு ருசியானாலும் அதை இதில் ஊற்றக் கூடாது. மெடிக்கல் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் சூடாகும் தட்டில் உப்புப் படியும், கிருமியும் சேரும். தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். கோடையில் ராத்திரி கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான் எல்லாரும் கேட்கும் அடுத்த கேள்வி. தண்ணீர்ச் சூட்டை அணைத்துவிட்டால் இயந்திரத்துக்கு ஒரு சீலிங் ஃபேனுக்கு ஆகும் மின்சாரம்கூட ஆகாது. வீட்டு இன்வெர்ட்டரே விடியும்வரை தாங்கும். மாஸ்க்கிலும் காற்று வர ஓட்டைகள் இருப்பதால் மூச்சு நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம்.

அமெரிக்க இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாதத்தில் பத்தில் ஏழு ராத்திரியாவது, ராத்திரிக்கு 4 மணி நேரமாவது மாட்டியிருந்தால்தான் "பயன்படுத்துகிறார்" என்று கணக்கு. அதை எட்டாதவர்கள் அங்கேயும் ஏராளம். இதன் விளைவு 2016-ல் பெரிதாகத் தெரிந்தது. இந்தியா உட்பட 7 நாடுகளில், ஏற்கெனவே இதயநோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ உள்ள 2,717 பேரிடம் நடந்த சேவ் என்ற ஆய்வு அந்த ஆண்டு வெளியானது. சீபேப் மாட்டியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக மாட்டியது ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். விடியற்காலைக் கனவுத் தூக்கத்தில்தான் தசைகள் மிகவும் தளர்ந்து தடைகள் நீளும். அந்த நேரத்தில் மாஸ்க் தலைமாட்டில் கிடந்திருக்கிறது. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தது என்னவோ உண்மை.

ஆகவே விற்பனைத் துண்டறிக்கையில் "மாரடைப்பைத் தடுக்கும், சர்க்கரையைக் குணப்படுத்தும்" என்று போட்டிருந்தால் நம்ப வேண்டியதில்லை. சீபேப் மாட்டினால் சர்க்கரை, கொழுப்பு, இடுப்பளவு எல்லாம் சேர்ந்து சீராகும் என்று 2011-ல் டெல்லியிலிருந்து ஒரு ஆய்வு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்து பெரும் பேச்சாக இருந்தது. 2013-ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பகலில் விழித்திருக்க வைப்பதும் பிரஷரைச் சற்று இறக்குவதும்தான் சீபேப் உறுதியாகத் தருவது. எனக்குத் தெரிந்து அதுவே போதுமான காரணம்.

இயந்திரம் வாங்குமுன் அளந்தாக வேண்டும். ஆய்வகத்தில் படுத்துத் தலையில் கம்பிகள் ஒட்டிச் செய்யும் முழுச் சோதனையும் உண்டு. விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு சிறு குழாய், மார்பில் ஒரு பட்டை என்று வீட்டிலேயே செய்யும் சோதனையும் உண்டு. சந்தேகம் வலுவாக இருந்து, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் போன்ற சிக்கல் இல்லாதவருக்கு வீட்டுச் சோதனை போதும். அப்படிச் சிக்கல் உள்ளவருக்கு வேறொரு வகை அப்னியா இருக்கலாம். அதில் தொண்டை திறந்தே இருக்கும், மூளைதான் மூச்சுக்குக் கட்டளை தராமல் விடும். அதற்கு வைத்தியம் வேறு. முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து மெஷினை வாங்கிவிட்டு அப்புறம் சோதனைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கிற வழி இருக்கும்போது அவசரம் எதற்கு? பழைய மெஷின் வாங்குகிறவர்கள் தயாரிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும். சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு உதிர்கிறது என்று பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் பல மாடல்களைத் திரும்பப் பெற அறிவித்தது.

எல்லாருக்கும் மாஸ்க்தான் என்றும் இல்லை. ஒல்லியான ஆளுக்கு அப்னியா வராது என்பது பலருடைய நினைப்பு. கீழ்த்தாடை சிறிதாகவோ பின்தள்ளியோ இருந்தால் எடை ஏறாமலே நாக்குக்கு இடம் போதாமல் போகும். ஆசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே அப்னியா வர முகஎலும்பின் அமைப்பும் ஒரு காரணம். இவர்களில் லேசான, நடுத்தர நோய் உள்ளவர்களுக்குப் பல் டாக்டர் செய்து தரும் கவசம் ஒன்று உண்டு. மேல், கீழ்ப் பல்வரிசைகளில் மாட்டிக் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுத்து நிறுத்தும். தாடையோடு நாக்கும் முன்னே வரும். மாஸ்க் அளவுக்கு ஏ.எச்.ஐ. இறங்காது. ஆனால் ராத்திரி முழுக்க மாட்டியிருப்பார்கள் என்பதால் பலன் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது. பல் போனவர்களுக்கு இது சரிவராது. மல்லாந்து படுத்தால் மட்டும் தடை வருகிறவர் சிலர் உண்டு. அவர்களை ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எடை குறைப்பது பலருக்கும் பலன் தரும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், எடை பத்து சதவீதம் குறைந்தவர்களுக்கு ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறைந்தது, பத்து சதவீதம் ஏறியவர்களுக்கு 32 சதவீதம் கூடியது. வாரம் ஒரு ஊசியாகப் போடும் டிர்செபடைடு மருந்தை, உடல்பருமனோடு நடுத்தர, கடுமையான அப்னியா உள்ளவர்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான். 52 வார ஆய்வில் மணிக்கு 25 தடைகளுக்கு மேல் குறைந்தன. 2025 மார்ச்சில் இந்தியக் கடைகளுக்கும் அது வந்துவிட்டது, சர்க்கரைக்கும் உடல்பருமனுக்குமாக. விலையையும், நிறுத்தினால் எடை திரும்புவதையும் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சையை எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். உள்நாக்கையும் மேலண்ணத்தின் பின்பகுதியையும் வெட்டும் அறுவை 1981-லிருந்தே இருக்கிறது. ஐந்தில் இரண்டு பேருக்குத்தான் சரியாகப் பலிக்கிறது. டான்சிலும் அடினாய்டும் வீங்கிய குழந்தைகளுக்கு மட்டும் கதை வேறு. அவற்றை எடுத்தால் பெரும்பாலும் தூக்கம் சீராகும். நாக்கின் நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவியை நெஞ்சுத் தோலுக்கடியில் பதிக்கும் வித்தை 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நல்ல பலன்தான், ஆனால் நம் பாக்கெட்டுக்கு எட்டுகிற சமாசாரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. சுவிட்சர்லாந்தில் 25 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீளமான ஊதுகுழலை நான்கு மாதம் கற்றுக்கொடுத்தார்கள். ஊதியவர்களுக்குப் பகல் தூக்கமும் தடைகளும் குறைந்ததாக 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. தொண்டைத் தசைக்கு அது தேகப்பயிற்சி. பிரேசிலில் நாக்கு, மேலண்ணப் பயிற்சிகளை மூன்று மாதம் செய்தவர்களுக்கும் ஏ.எச்.ஐ. சராசரி 22-லிருந்து 14-க்கு வந்தது. இரட்டை நாக்கு வைத்த ஊதுவாத்தியக்காரர்களுக்கு அப்னியா அபாயம் குறைவு என்று 2012-ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. நம் நாதஸ்வரச் சீவாளியும் அந்த இனம்தான். பேட்டையில் ரயிலேறினால் சேரன்மகாதேவிக்கு அடுத்து காருகுறிச்சி. நாதஸ்வர வித்வான் அருணாசலத்தின் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். அதற்காக ஏ.எச்.ஐ. 40 உள்ளவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சீவாளி வாங்கப் போக வேண்டாம். பயிற்சி லேசான நோய்க்கு, அல்லது மாஸ்க்குக்குத் துணையாக.

பெண்களிடம் இந்த நோய் இன்னும் ஒளிந்து கிடக்கிறது. மாதவிடாய் நின்றபின் அவர்களுக்கும் அப்னியா வேகமாகக் கூடும். ஆனால் அவர்கள் "குறட்டை" என்று வருவதில்லை. அசதி, தூக்கம் வரவில்லை, காலையில் தலை கனக்கிறது என்றுதான் சொல்வார்கள். நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றுகிற அம்மாவுக்கு அசதி இருக்காதா என்று ஒரு சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். தைராய்டு, ரத்தசோகை பார்த்தும் காரணம் அகப்படவில்லையென்றால், அவர் தூங்கும்போது மகளோ பேத்தியோ ஒரு ராத்திரி பக்கத்தில் இருந்து கேட்டுப் பார்ப்பது நல்லது. செல்போனில் ஒலிப்பதிவு செய்தால் இன்னும் நல்லது.

ஓட்டுநர்கள் விஷயம் இன்னும் அவசரம். சிகிச்சை பெறாத அப்னியாக்காரர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். பழைய பேட்டை வழியாகத் தென்காசிக்கு லோடு ஏற்றிப் போகிறவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது எளிமையானது: பகலில் பஸ்ஸில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து போனால் தூங்கிவிடுகிறேனா, சாப்பிட்டபின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் செருகுகிறதா, சிக்னலில் வண்டி நிற்கும்போது கண் மூடுகிறதா? சட்டைக் காலர் அளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டி, பிரஷரும் இருந்து, இவற்றுக்கும் ஆமாம் என்றால், ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ மனைவியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். படுக்குமுன் குடிப்பதையும், தானாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரையையும் அன்றைக்கே நிறுத்தலாம்; இரண்டும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். மாஸ்க் ஒழுங்காகப் பொருந்தினால் பகல் தூக்கம் சில நாளிலேயே குறையத் தொடங்கும். அதுவரை ராத்திரி ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். லோடு ஒரு நாள் பிந்தினால் முதலாளி ஏசுவார். ஏசட்டும்.